மோப்பக்காரி

அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, உள்ளே தொங்கிய நான்கு உடுப்புகளையும் ஐந்தாவது தடவையாக ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். கறுப்புக் கோட்டைக் காணவில்லை. முப்பத்தொரு வருடமாக ஊரார் கோட்டையெல்லாம் வெளுத்துத் தேய்த்துக் கொடுத்த மனிதருக்கு, பெண்டாட்டியை வழியனுப்புகிற அன்று போட்டுக்கொள்ள ஒரு கோட்டு அகப்படவில்லை. அவள் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் சிரித்திருப்பாள்.

அவள் முன்னறையில் படுத்திருந்தாள். நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் உயிர் போனவளை இன்று காலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று மணிக்கு வண்டி வரும். இரண்டு வருடமாக மூக்கில் செருகியிருந்த குழாய் இப்போது இல்லை. அது அழுத்தியிருந்த தடம் மட்டும் இரண்டு கன்னத்திலும் கோடாகத் தெரிந்தது.

"என்ன தேடுறீங்க அத்தான்?"

கொழுந்தியாள் வாசலில் நின்றாள். அக்காவைவிட ஏழு வயது இளையவள். காலை ரயிலில் வந்து இறங்கி, ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, அடுத்த அழுகை வருவதற்குள் வீட்டை ஒழுங்குபண்ணத் தொடங்கியிருந்தாள். சும்மா இருக்கத் தெரியாத பிறவி.

"கோட்டு."

"பாப்பாவக் கேளுங்க, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் அத்தான், படித் திருப்பத்துல ஒரு முக்காலி கிடக்கே, அத எடுத்து உள்ள போடுங்க. அக்காவத் தூக்கிட்டு இறங்கும்போது யாராவது தடுக்கி விழுந்து வைக்கப் போறாங்க."

"எடுக்கறேன்."

காலையிலிருந்து இது மூன்றாவது 'எடுக்கறேன்'. இரண்டு தடவை அந்த முக்காலிவரை போய்விட்டு, அதைத் தொடாமலே திரும்பியிருந்தார்.

கீழே கடை, மேலே வீடு. நடுவில் பதினேழு படிகள். ஒன்பதாவது படியில் மாடிப்படி வலப்பக்கம் திரும்பும். அங்கே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. ஒரு காலத்தில் அவள் அந்தப் பதினேழையும் இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள், கக்கத்தில் திரைச்சீலை மூட்டையும் இருக்கும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், ஒன்பதாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, அதுக்குள்ள வயசாயிடுச்சா?" என்று கீழேயிருந்து கிண்டல் செய்தார்.

"கிழவனக் கட்டிக்கிட்டா கிழவியாத்தானே ஆகணும்" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. அடுத்த வாரம் அங்கே ஒரு முக்காலியைக் கொண்டுபோய் வைத்தார். அதற்கடுத்த மாதம் அதன்மேல் ஒரு சின்னத் தலையணை வந்தது.

அப்புறம் கால் வீங்கியது. உதடு நீலம் பாரித்தது. ஒருநாள் இஸ்திரி மேஜையருகே கண் இருட்டிச் சரிந்தாள். தெருமுனை டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்து ஒன்றைக் கொடுத்து ஒன்றரை வருடத்தைக் கடத்தினார்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் மூச்சு வாங்கும்" என்று கொழுந்தியாள் தலையணை உறையை மாற்றிக்கொண்டே சொன்னாள். "பரம்பர. ரத்தத்துலயே இருக்கு. பாப்பாவையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போய் பாத்துடுங்க."

கடைக்காரர் தலையாட்டினார். அவருடைய மாமியாருக்கு மூச்சு வாங்கியது எண்பத்தோரு வயதில். அந்த வயதில் யாருக்குத்தான் வாங்காது. ஆனாலும் இரண்டு வருடமாக இந்த வீட்டில் யார் 'பரம்பர' என்று சொன்னாலும் அவர் தலையாட்டிவந்தார். தலையாட்டுவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை.

அவருக்குக் காரணம் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே பெற்ற மகளிடம் இன்னும் சொல்லாமல் இருக்கிறார் என்பதுதான் விஷயம். முன்னறையில் கிடந்தவளைவிட அதுதான் இன்று காலை அவர் நெஞ்சில் கனமாக உட்கார்ந்திருந்தது.

*

கடை திறந்த புதிதில்தான் அவள் வந்தாள். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் வேலை. நீலச் சீருடைக் கோட்டு. முந்தின நாள் வாங்கிப்போன கோட்டை மேஜைமேல் திரும்பக் கொண்டுவந்து போட்டாள்.

"வெளுத்திருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா மருந்து வாசன இன்னும் போகல."

"அப்படி இருக்காதுங்க. மெஷின்ல பச்ச விளக்கு எரிஞ்சப்புறம்தான் வெளிய எடுத்தேன்."

"அப்ப உங்க விளக்குக்குச் சளி பிடிச்சிருக்கு."

அவர் கோட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மறுபடி மெஷினில் போட்டார். அவர் கடையில் துணி தண்ணீரைப் பார்ப்பதில்லை. மருந்து என்று எல்லோரும் சொல்கிற திரவத்தில் புரண்டு, பிறகு சூடான காற்றில் உலர்ந்து வெளியே வரும். உலர்ந்தது போதும் என்று சொல்ல ஒரு பச்சை விளக்கு. அன்று விளக்கைப் பார்க்காமல் பதினைந்து நிமிஷம் அதிகமாக ஓட்டிக் கொடுத்தார். அவள் கோட்டின் தோள்பட்டையை மூக்கில் வைத்து இழுத்துவிட்டு, "இப்ப சரி" என்றாள். தோள்பட்டைக்குள் இருக்கும் பஞ்சுதான் மருந்தைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

பிறகு வாரம் ஒரு துணியோடு வந்தாள். மூன்றாவது மாதம் வெளுக்கப் போட அவளிடம் ஒரு துணியும் பாக்கியில்லை. பக்கத்து வீட்டுத் திரைச்சீலையை இரவல் வாங்கிவந்து நின்றாள். 'இனி இந்தப் பெண்ணை அலையவிடக் கூடாது' என்று கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் பச்சை விளக்கு அடியோடு எரியாமல் போயிற்று. மருந்தின் ஆவி மிச்சமிருப்பதைக் கண்டுபிடிக்கும் பாகம் போய்விட்டது, புதிது வர ஆறு வாரமாகும் என்றார் மெக்கானிக்.

"எதுக்கு விளக்கு? நான் இருக்கேன்ல" என்றாள் அவள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மெஷின் நின்றதும் வட்டக் கதவைத் திறப்பாள். உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடிக்கும். கோட்டை உருவி, தோள்பட்டையில் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, அடிவயிறுவரை இழுப்பாள். "இன்னும் பத்து நிமிஷம்" என்பாள், அல்லது "இது ஆச்சு" என்பாள். ஒருநாளும் தவறியதில்லை. ஆறு வாரம் கழித்துப் பாகம் வந்தபோது, கடைக்காரர் சிரித்துக்கொண்டே அந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டார். விளக்காவது பொய் சொல்லும், இவள் மூக்கு சொல்லாது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொண்டார். மோப்பக்காரி என்று பெயரும் வைத்தார்.

இருபத்தைந்து வருடம். நாளுக்கு இருபது துணி.

அந்த நாள்களை நினைக்காமலிருக்க அவரால் முடியவில்லை. நினைத்தால் இனிக்கிறது என்பதுதான் கொடுமை. கோட்டிலிருந்து முகத்தை எடுக்கும்போது அவள் கன்னம் சூட்டில் சிவந்திருக்கும், நெற்றிமுடி ஒட்டிக்கிடக்கும், தூங்கி எழுந்தவள்போல ஒரு கணம் விழிப்பாள். அவர் அவளை மிகவும் ஆசையோடு பார்த்தது அந்தக் கணத்தில்தான். இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்று, ஒரு வக்கீலின் கால்சட்டையைக் கருக்கியும் இருக்கிறார். தொங்குகிற துணிகளுக்கு அடியில் உட்கார்ந்து விளையாடிய மகளும், நான்கு வயதில், அம்மாவைப்போலவே ஒரு கைக்குட்டையை மூக்கில் வைத்து, "இது ஆச்சு" என்றாள். இரண்டுபேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாரிசு வந்துவிட்டாள் என்றார் அவர்.

*

பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பொறுமைசாலியான பெண்மணி. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள், கிளைவிட்டுக் கிளைவிட்டு மயிரிழையாகின்றன. அந்தச் சின்னக் குழாய்களின் சுவர் தடித்துப்போய், உள்ளே வழி அடைபட்டிருக்கிறது. வழி குறுகக் குறுக அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்துக்கு எதிராக முட்டித் தள்ளியே இதயத்தின் வலப்பக்கம் களைத்துப் பெருத்துவிட்டது.

"என்ன வேல பாக்கறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "வீட்லதாங்க."

வெளியே வந்ததும், "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டார்.

"அவங்க கேட்டதும் உங்க மூஞ்சி போன போக்கப் பாத்தேன்" என்றாள். "பாவமா இருந்துச்சு."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு முன்பே தெரிந்திருக்கலாம். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டதாகச் சொல்லித் தனியாக உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாதிரி ஆவிய வருஷக்கணக்கா இழுத்த சிலருக்கு, நுரையீரல்ல ரத்தக்குழாய் இப்படிக் கெட்டுப்போனது உண்டு. எல்லாருக்கும் வராது. முதல்ல அவங்கள அங்கயிருந்து வெளிய கொண்டாங்க." அப்புறம் கேட்டார்: "வேற யாராவது அங்க வேல செய்றாங்களா?"

"இல்லீங்க" என்றார் கடைக்காரர்.

அந்த 'இல்லீங்க' எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. மகள் அப்போதே கடையில் பாதி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து மனைவி கடைக்குள் வரவில்லை. மெஷின் முழுவதும் மகள் கைக்குப் போனது. அதே கடையில் அதே காற்றில் முப்பது வருடம் நின்ற அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவரை இன்னும் குத்தியது. ஜன்னலைத் திறந்துவை என்று மகளிடம் சொன்னார். சுவரில் ஒரு விசிறி மாட்டினார். விளக்கைச் சரிசெய்யலாம், ஆனால் இத்தனை வருடம் கழித்து இப்போது எதற்கென்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே, நாளை சொல்லலாம், அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையானதும் சொல்லலாம் என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார். கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வார். திட்டு வாங்கிய கோழையும் அப்படியே இருப்பான்.

போன வாரம் மனைவி கேட்டாள். மூன்று சொல்லுக்கு ஒருதரம் நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்."

"நான் இருக்கும்போதே சொல்லிடுங்க. போனப்புறம் சொன்னா, அவ கோவம் முழுக்க உங்க தலையிலதான் இறங்கும். நான் இருந்தா ஒரு வார்த்த நானும் குறுக்க பேசுவேன்."

"சொல்றேண்டி."

"நானும்தானே சேந்து செஞ்சேன்" என்றாள். "விளக்கு வேணாம்னு சொன்னது நான்தானே."

அவர் சொல்லவில்லை. அவளும் போய்விட்டாள்.

*

"கோட்டையா தேடுறீங்க? கீழ இருக்குப்பா" என்று மகள் படியேறி வந்து சொன்னாள். வயது இருபத்தெட்டு, இன்னும் பாப்பாதான். கண் வீங்கிப்போயிருந்தது. "காலர்ல எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சு. காலைல மெஷின்ல போட்டேன்."

"இன்னைக்கா போட்ட?"

"சும்மா உக்காந்திருக்க முடியலப்பா. ஏதாவது ஒண்ணு செய்யணும்போல இருந்துச்சு. ஆயிருக்கும், வாங்க."

இரண்டுபேரும் இறங்கினார்கள். ஒன்பதாவது படியில் முக்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து இறங்க வேண்டியிருந்தது. தலையணையின் நடுவில் அவள் உட்கார்ந்த பள்ளம் இன்னும் மேலெழும்பவில்லை.

கடையில் பாதி இருட்டு. தெருப்பக்கக் கதவு இறக்கியிருந்தது. சீட்டுக் குத்திய உடுப்புகள் கண்ணாடித்தாள் உறைக்குள் வரிசையாகத் தொங்கின. ஊர்க்காரர்கள் எல்லோரும் துக்கத்துக்கு வந்து தலைகுனிந்து நிற்பதுபோலிருந்தது அவருக்கு. மகள் நேராக மெஷினிடம் போய் வட்டக் கதவைத் திறந்தாள். கோட்டை உருவினாள். ஓர் உதறு உதறினாள். தோள்பட்டையைத் திருப்பி, இரண்டு கையாலும் முகத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மாவேதான். அதே கை, கழுத்தில் அதே சாய்வு.

தான் எப்போது நகர்ந்தோம் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கோட்டு அவர் கையில் இருந்தது. பிடுங்கிய வேகத்தில் ஒரு பொத்தான் தெறித்து மேஜைக்கடியில் உருண்டது.

"என்னப்பா?"

"மூக்குல வைக்காத."

"காஞ்சிருக்கான்னு பாக்கறேன்."

"பாக்காத. இனிமே எதையும் அப்படிப் பாக்காத."

மகள் அவரையே பார்த்தாள். அவர் இழுப்பறையை இழுத்தார். பழைய ரசீதுகளுக்கும் நூல்கண்டுகளுக்கும் கீழே கையைவிட்டு அந்த அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒட்டிய காகிதம் மஞ்சளாகப் போயிருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

"இது விளக்கோட பாகம். நீ ஒரு வயசுக் குழந்தையா இருக்கும்போது வந்துச்சு. மாட்டியிருக்கணும். மாட்டல. உங்கம்மா மூக்கே போதும்னு விட்டுட்டேன்."

அப்புறம் மீதியைச் சொன்னார். டாக்டர் சொன்னதை, தான் 'இல்லீங்க' என்று சொன்னதை, எதையும் ஒளிக்காமல் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். கோட்டின் சூடு கையில் ஆறிக்கொண்டே வந்தது.

மேலே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உன்கிட்ட சொல்லச் சொன்னா. நான்தான்..."

"ரெண்டு வருஷம்ப்பா" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. "ரெண்டு வருஷமா ஒரு நாளைக்கு இருவது தடவ இப்படி இழுத்திருக்கேன். நீங்க அந்த மேஜைக்குப் பின்னால உக்காந்து பாத்துட்டே இருந்திருக்கீங்க."

"ஆமா."

"எனக்கும் வந்திருக்குமா?"

"தெரியாதும்மா. நாளைக்கே அந்த டாக்டர்கிட்ட போலாம். நானே எல்லாத்தையும் சொல்றேன்."

மகள் அட்டைப்பெட்டியை எடுத்துக் கையில் எடைபார்ப்பதுபோல வைத்திருந்தாள். பிறகு அதை மெஷினின் தலைமேல் வைத்தாள். சுவரிலிருந்த மெஷின் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். கோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி, பின்கட்டுக்குப் போனாள். துணிக்கொடியில் ஹேங்கரோடு மாட்டிவிட்டு வந்தாள்.

"சித்தி பரம்பரன்னு சொல்லிட்டிருக்காங்க."

"நான் சொல்லிடறேன். இன்னைக்கே."

"சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். அவரைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனாள்.

கடைக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளின் காலடிச் சத்தம் மேலே ஏறியது. தன்னையறியாமல் எண்ணினார். இத்தனை வருடம் தினமும் கேட்ட சத்தம். அதை எண்ண வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதில் சத்தம் நின்றது.

மூச்சை அடக்கிக்கொண்டு, மேலே மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மரம் தரையில் உரசியது. முக்காலியின் கால் ஒருதரம் சுவரில் இடித்தது.

பத்து. பதினொன்று. கையில் பாரம் ஏறிய காலடி, மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. பதினைந்து. பதினாறு. பதினேழு.

"கோட்டு கிடைச்சுதா பாப்பா?" என்று மேலே கொழுந்தியாள் கேட்டாள்.

"காயல சித்தி. அப்பா சட்டையோடயே வரட்டும்."

ஒரே மூச்சில் சொன்னாள். கடைக்காரர் அந்தக் குரலை இன்னொருதரம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். குனிந்து, மேஜைக்கடியில் கிடந்த பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சட்டைக் கையின் சுருக்கத்தை நீவிவிட்டுப் படியேறினார்.

திருப்பத்தில் இப்போது இடம் விசாலமாக இருந்தது. முக்காலி இருந்த இடத்தில், தரையில் மூன்று வட்டத் தடங்கள். அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி மேலே போனார்.